புகைச்சல் யாருடையது?

திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்ப் பக்கம் ‘புகையிலை’ என்ற எழுத்துச் சொல் அதிகம் காதில் விழாது. பொகையிலை என்பார்கள்; அவசரத்தில் அது போயிலை ஆகிவிடும். அதே வாய், பேச்சு பங்காளி வீட்டு விவகாரத்துக்குத் திரும்பினால், ‘அவுகளுக்குள்ள ரொம்ப நாளாப் பொகைச்சலு’ என்று சொல்லும். தோட்டத்தில் விளையும் இலைக்கும் வீட்டுக்குள் வளரும் கோபத்துக்கும் ஒரே வேர். இரண்டையும் பேசுகிறவர் இதைத் தனியாக யோசித்துப் பார்ப்பதில்லை. சொல் அவருக்கு அவ்வளவு பழக்கம்.

இந்தப் ‘பொகை’யைக் கொச்சை என்று பள்ளிக்கூடம் திருத்தும். திருத்தத் தேவையில்லை என்பதற்கு மொழியியல் காரணம் சொல்கிறது. முதல் அசையில் உகரம் உள்ள சொல்லின் அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சுத் தமிழ் அந்த உகரத்தை ஒகரமாக்கும். குடை ‘கொடை’ ஆவதும், உலக்கை ‘ஒலக்கை’ ஆவதும், உடம்பு ‘ஒடம்பு’ ஆவதும் அந்த ஒழுங்கில்தான். அக்கம்பக்க மொழிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். புகைக்குக் கன்னடத்தில் ஹொகெ, தெலுங்கில் பொக. மலையாளம் மட்டும் தமிழ் எழுத்து வழக்கோடு சேர்ந்து புக என்கிறது. தென்திராவிட மொழிகளில் இந்த உகர-ஒகர மாற்றம் எப்படி நடக்கிறது என்று பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958-இல் விரிவான கட்டுரையே எழுதினார். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்தச் சொற்களையெல்லாம் ஒரே குடும்பமாகத் தொகுத்தது. தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டு மொழியாக வாழும் திண்டுக்கல் மாவட்டத்தில், இது நூலகத்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய உறவுகூட இல்லை. ஒரே தெருவில் பொகையும் பொகவும் அடுத்தடுத்த வீட்டில் எழுகின்றன.

போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கச் செடி ஒன்று இந்தியாவுக்கு வந்தபோது, வடக்கே அவர்கள் சொல்லையே திரித்துத் தம்பாக்கு என்று வைத்துக்கொண்டார்கள். தெற்கே நான்கு மொழிகளும் தம் சொல்லிலேயே பெயர் கட்டின. தமிழில் புகையிலை, மலையாளத்தில் புகயில, கன்னடத்தில் ஹொகெசொப்பு, தெலுங்கில் பொகாகு. நான்கிலும் பொருள் ஒன்றே: புகைக்கும் இலை. பெயர் அப்படி நிலைத்துவிட்டாலும், திண்டுக்கல் சமவெளியில் இந்த இலையில் பெரும்பங்கு வெற்றிலை பாக்கோடு வாயில் மெல்லவே போயிற்று. வேடசந்தூரில் அமைந்த மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் மெல்லும் புகையிலை ரகங்களிலேயே அதிகம் உழைத்தது. புகைக்கும் சுருட்டும் இங்கே இருந்தது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் கப்பலேறி, 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்புத் துலக்கவே உதவிய அந்தச் சரக்குக்கு, இந்த மண்ணின் இலை நிறையப் போயிருக்கிறது.

புலவர்கள் இந்தப் பெயருக்கு வேறு கதை கட்டினார்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது, பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பும் நூல். உ.வே. சாமிநாதையர் அதை 1939-இல் பதிப்பித்தார். தேவர் சபையில் மூவரிடமும் ஆளுக்கொரு இலை கொடுக்கப்பட்டதாம். சிவனிடம் இருந்த வில்வம் கங்கையோடு போயிற்று. திருமாலிடம் இருந்த துளசி பாற்கடலோடு போயிற்று. பிரமனிடம் இருந்தது மட்டும் கலைமகள் நாவில் பத்திரமாக இருந்ததால் போகவில்லை. போகையிலை, புகையிலை! சொற்பிறப்பாக இது நிற்காது. ஆனாலும் புதிதாக வந்த ஒரு செடியைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ள ஒரு மொழி எவ்வளவு ஆசைப்பட்டது என்பதை அது காட்டுகிறது. பழனி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்பதால் இந்தக் கதைக்கு ஊர் உரிமையும் உண்டு.

இலையை விட்டுப் புகைக்கே திரும்பலாம். தமிழில் புகைவது விறகு மட்டுமா? வயதானவருக்குக் கண் புகையும்; பார்வை மங்கி எல்லாம் மூட்டமாகத் தெரிவது கண்புகைச்சல். தொண்டை புகையும், சளி வராமல் கரகரத்து வாட்டும் வறட்டு இருமலுக்குப் புகைச்சல் இருமல் என்றே பெயர். பயிர் புகையும். பழனி, நிலக்கோட்டைப் பக்கத்து நெல் வயல்காரர்கள் அஞ்சும் பூச்சிக்குப் புகையான் என்று பெயர். வேளாண் துறையின் தமிழ்க் கையேடுகளும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டன. அது நெற்பயிரின் தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வெயில் படாத இடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே இருந்து பார்க்கிறவருக்கு வயல் பச்சையாகவே இருக்கும். ஒருநாள் வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து படுத்துவிடும். நெருப்பே இல்லாமல் எரிந்த வயலுக்கு விவசாயி தேர்ந்த சொல் ‘புகை’.

வானத்தில் கோளும் புகைந்தது. நத்தத்துக்கு அப்பால் உள்ள பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பார்கள். அந்தப் பறம்பின் வளத்தைப் பாடும் கபிலர், சனிக்கோள் புகைந்தாலும் அங்கே விளைச்சல் குன்றியதில்லை என்ற கருத்தைப் புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் வைக்கிறார். சிலப்பதிகாரத்தில் இளங்கோவும் காவிரியைப் பற்றிப் பேசுமிடத்தில் சனி புகைவதைச் சொல்கிறார். வால்மீனுக்குப் புகைக்கொடி என்று பெயர் வைத்த காலம் அது. கோள் புகைவது என்றால் அது பகையாகிக் கேடு செய்யப் பார்ப்பது. ஆக, அடுப்பு இல்லாத இடத்திலும் பகைமையைச் சொல்ல இந்த வினை ஈராயிரம் ஆண்டாகத் தமிழில் புழங்கிவருகிறது. இன்றைய கட்சி அலுவலகத்தில் பிறந்த சொல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோபத்தை நெருப்போடு சேர்ப்பது உலகம் முழுவதும் இருக்கும் வழக்கம். புகையோடு சேர்ப்பதும் தமிழுக்கு மட்டும் உரியதில்லை. சமஸ்கிருதத்தில் புகைக்குத் தூமம், இலத்தீனில் ஃபூமுஸ். இவற்றின் உடன்பிறந்த கிரேக்கச் சொல் தூமோஸ், அங்கே மனவெழுச்சியையும் சினத்தையும் குறித்தது. இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஃபியூம், இன்றும் புகைவதற்கும் பொருமுவதற்கும் ஒருசேர ஆகிறது. அந்த மொழிக் குடும்பத்துக்கும் திராவிடக் குடும்பத்துக்கும் வேர் உறவு கிடையாது. விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்த எல்லா மனிதரும் தம் நெஞ்சைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

தமிழ் அந்த முடிவோடு நிற்கவில்லை. கோபத்தின் ஒவ்வொரு பதத்துக்கும் அடுப்பிலிருந்து ஒரு வினையை எடுத்துத் தந்தது. புழுங்குவது, மூடிய பானைக்குள் ஆவியில் வேகும் கோபம். புழுங்கல் அரிசியும் மனப்புழுக்கமும் ஒரே சொல்லில் பிறந்தவை. காய்வது, அனல் நேராகப் படும் கோபம். கொதிப்பதும் பொங்குவதும் பானை விளிம்புக்கு வந்துவிட்டவை. கருகுவது, ஆள் உள்ளுக்குள் அழிந்துபோவது. பொரிந்து தள்ளுவது, வறுத்தெடுப்பது, தாளித்துவிடுவது எல்லாம் கோபம் வாய் வழியே வெளியேறி எதிராளி மேல் விழுவது. நீறு பூத்த நெருப்பு என்றால் அணைந்தது போல் காட்டிக்கொண்டு அணையாதது. உமித்தீ தனி ரகம்: சுடர் தெரியாது, சத்தம் கேட்காது, நாள் கணக்கில் உள்ளே காந்திக்கொண்டே இருக்கும். நெல் அரைத்த ஊர்க்காரர்களுக்கு உமியின் குணம் தெரியும். தொல்காப்பியரோ இதையெல்லாம் இரண்டு நிறத்தில் சுருக்கினார். கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லும் வெகுளியைக் குறிக்கும் என்று உரியியலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே அவை நிறத்தையும் உணர்த்தும் என்கிறார். சிவப்பு, தழலின் நிறம். கறுப்பு?

கறுப்பைப் புகையின் நிறமாக எடுத்துக்கொண்டால், இந்தக் கட்டுரை கேட்க வரும் கேள்விக்கு வந்துவிடலாம். யார் சிவக்கிறார்கள், யார் புகைகிறார்கள்?

செய்தித்தாள் தமிழைக் கவனித்து வாசிப்பவருக்கு ஒரு பாகுபாடு தெரியும். அமைச்சர் கொதித்தார் என்று எழுதுகிறோம். நீதிபதிகள் காட்டம் என்கிறோம். தலைவர் ஆவேசம் என்கிறோம். ஆனால் பதவி கிடைக்காதவர்களிடையே புகைச்சல், ஊழியர்களிடையே புகைச்சல், கூட்டணியின் சிறிய கட்சிகளிடம் புகைச்சல். வீட்டுப் பேச்சிலும் இப்படித்தான். மாமியார் சத்தம் போட்டார், மருமகள் பொகைந்துகொண்டிருக்கிறாள். மூத்தவர் எரிந்து விழுந்தார், இளையவருக்குப் பொகைச்சல். சுடர்விட்டு எரிய உரிமை இருப்பவரின் கோபத்துக்கு ஒரு வினை. அந்த உரிமை இல்லாதவரின் கோபத்துக்கு வேறொரு வினை. ஈர விறகு புகைவதற்குக் காரணம் அது எரிய விடப்படவில்லை என்பதுதான். அதையே அதன் குணமாகச் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் சொல் வளர்ந்த இடம் அடுக்களை என்பதை மறக்கக் கூடாது. அங்கே ஊதாங்குழலும் கையுமாக உட்கார்ந்து, நனைந்த சுள்ளியை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் பெண்கள். கண்புகைச்சலும் புகைச்சல் இருமலும் அவர்களுக்கு உவமையாக வந்தவை அல்ல, நோயாக வந்தவை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், பின்னர் 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வாலா திட்டமும் அந்தப் புகையைப் பல வீடுகளிலிருந்து வெளியேற்றின. உருளை தீர்ந்த மாதத்தில் விறகுக்குத் திரும்பும் வீடுகள் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. எதிர்த்துப் பேச முடியாதவர்களும் புகையை விழுங்கியவர்களும் ஒரே ஆட்களாக இருந்த இடத்தில், மனக்கசப்புக்குப் புகைச்சல் என்ற பெயர் அமைந்தது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

புகைகிறவரை என்ன செய்வது என்பதில் தென்னக மொழிகள் ஆளுக்கொரு பழமொழி வைத்திருக்கின்றன. தமிழ் கேட்கிறது: நெருப்பில்லாமல் புகையுமா? இது காரணத்தைத் தேடும் கேள்வி. மலையாளம் கட்டளையிடுகிறது: புகைந்த கொள்ளி புறத்து. அதாவது, எரியாமல் கண்ணைக் கரிக்கும் கட்டையை அடுப்பிலிருந்து உருவி வெளியே எறி. கேரளக் கட்சிகளில் அதிருப்தியாளரை நீக்கும்போதெல்லாம் இந்தப் பழமொழி மேடையேறும். தெலுங்கோ வேறொரு தந்திரத்தைச் சொல்கிறது: பொம்மனலேக பொகபெட்டினட்லு. போ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனமில்லாமல் புகை போட்டு விரட்டுவது. சிறுமலையிலும் பழனி மலையிலும் தேன் எடுக்கும் பளியர்கள் தேனீயை விலக்கப் புகை போடுவது தொழில். மனிதருக்கு அதைச் செய்வது வன்மம். இந்த மூன்றில் தமிழ்ப் பழமொழிதான் நியாயமானது. ஊர் வம்பு பேசுகிறவர்கள் அதை அவதூறுக்குச் சாட்சியாகத் திரித்துவிட்டார்கள் என்பது அதன் துரதிர்ஷ்டம். அதன் நேர்ப்பொருள், புகை தெரிந்தால் நெருப்பைப் போய்ப் பார் என்பதே.

பார்க்காமல் கொள்ளியை வெளியே எறிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டுக்கல்லைவிட நல்ல சாட்சி கிடையாது. 1972-இல் திமுகவுக்குள் நடந்ததை அன்று கட்சிக்குள் கசப்பு, பனிப்போர் என்றெல்லாம் சொன்னார்கள். கட்சியின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். அக்டோபரில் பொதுமேடையில் கணக்குக் கேட்டார். சில நாட்களில் நீக்கப்பட்டார். அதே மாதம் 17-ஆம் தேதி அதிமுக பிறந்தது. திண்டுக்கல் மக்களவை உறுப்பினராக இருந்த திமுகவின் ராஜாங்கம் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. 1973 மே 20 அன்று நடந்த அந்தத் தேர்தலில் புதிய கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று பெருவெற்றி பெற்றார். இரண்டாமிடம் காங்கிரஸ் (ஓ)-வுக்கு. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த திமுக மூன்றாமிடத்துக்குப் போயிற்று. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் இரண்டு கட்சிக்காரர்களும் வாதிடுவார்கள். வாதிடட்டும். உட்கட்சிப் புகைச்சல் என்று ஒரு வரியில் ஒதுக்கப்படக்கூடியது மாநிலத்தின் அரை நூற்றாண்டு அரசியலையே மாற்றும் என்று இந்தத் தொகுதி காட்டியது.

இருநூறு ஆண்டு பின்னால் போனால் இதே சமவெளியில் இன்னொரு நீண்ட கோபம் காத்திருந்தது. 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் சிவகங்கையை விட்டு வெளியேறி விருப்பாட்சிப் பாளையத்தில் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் தங்கினார். ஹைதர் அலியின் உதவியைத் திண்டுக்கல்லில் இருந்தபடியே திரட்டினார். எட்டு ஆண்டு. 1780-இல் நாட்டை மீட்டார். அவருக்கு அடைக்கலம் தந்த கோபால் நாயக்கர், திண்டுக்கல் பாளையக்காரர்களைக் கூட்டிக் கும்பினிக்கு எதிராக நின்று 1801-இல் தூக்கிலிடப்பட்டார். மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் விதுலை என்ற தாய், தோற்று ஓடிவந்த மகனை ஏசும்போது, நெடுங்காலம் புகைந்துகொண்டிருப்பதை இழிவாகவும் ஒரு கணம் சுடர்வதை மேலாகவும் பேசுகிறாள். வீரத்துக்கு அது அழகான பேச்சு. விருப்பாட்சியில் எட்டு ஆண்டு காத்திருந்த அரசிக்கு அது பொருந்தாது. 1772-இலேயே சுடர்ந்திருந்தால் அவரும் களத்தில் மாண்டிருப்பார். சிவகங்கை திரும்பக் கிடைத்திருக்காது. காலம் வரும்வரை தன்னை அணையவிடாமல் வைத்துக்கொள்ளும் கோபத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல அரண்மனை வேண்டும், படை வேண்டும். கூலியை நம்பி இருக்கிறவருக்கு அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், புகைச்சல் எல்லாமே நியாயமான கோபம் கிடையாது. அடுத்த வீட்டில் மாடி எழும்பியதால் வரும் வயிற்றெரிச்சலும் புகைச்சல்தான். தம்பிக்குக் கிடைத்த பங்கு இரண்டு சென்ட் அதிகம் என்று பத்து வருடம் பேசாமல் இருப்பதும் புகைச்சல்தான். பொறாமையையும் பொருமலையும் பிரிக்காமல் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ். அங்கேதான் ஆபத்து. குறை சொல்லுகிறவரை மடக்க வேண்டுமானால் அவர் கோபத்தைப் பொறாமையின் பக்கம் தள்ளிவிட்டால் போதும். சமூக ஊடகத்தில் இது இன்று அன்றாட விளையாட்டு. ஒருவர் ஒரு படத்தையோ தலைவரையோ காரணம் காட்டி விமர்சித்தால், பதில் காரணத்துக்கு வராது, ‘எரியுதா?’ என்று வரும். புகைகிறது, எரிகிறது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அவர் என்ன கேட்டார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பத்திரிகைகளும் நல்ல மனதோடு இதையே செய்கின்றன. ‘புகைச்சல்’ தலைப்புக்கு வசதியான சொல். ஐந்து எழுத்து, ஒரு பத்தியில் அடங்கும், யார் மீதும் வழக்கு வராது. வாசகருக்கு ஏதோ உள்விவகாரம் தெரிந்துவிட்ட திருப்தி கிடைக்கும். கன்னட நாளேடுகளும் அதிருப்தியின் ஹொகெ என்று இதே பாதையில்தான் போகின்றன. ஆனால் அந்தச் சொல் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும். புகைச்சலுக்கு எழுவாய் கிடையாது. யார் புகைகிறார் என்பதாவது தெரியும். யார் மூட்டினார் என்பது தெரியாது. ‘தூய்மைப் பணியாளர்களிடையே புகைச்சல்’ என்ற தலைப்பில் சம்பளம் எத்தனை மாதமாக வரவில்லை என்பது இல்லை, ஒப்பந்தக்காரர் யார் என்பது இல்லை. ‘நூற்பாலைத் தொழிலாளர்களிடம் புகைச்சல்’ என்றால் பணிநேரம் கூடியதா, விடுதியில் பூட்டி வைக்கிறார்களா, பிடித்தம் எவ்வளவு என்பது இல்லை. புகையே செய்தியாகி, நெருப்பு பின்னால் மறைந்துவிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகளும் தோல் பதனிடும் கூடங்களும் பூட்டுப் பட்டறைகளும் எவ்வளவு பேருக்குச் சோறு போடுகின்றன என்பதை நினைத்தால், இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு எழுதப்படாமல் போயிருக்கும் என்பது புரியும்.

சொல்லைத் தடைசெய்யச் சொல்வது அறியாமை. அப்படிச் சொன்னால் மொழி கேட்காது, கேட்கவும் வேண்டாம். இளையவர்கள் நாவில் அது ஏற்கெனவே தேய்ந்துவருகிறது. கடுப்பு, காண்டு, டென்ஷன் என்று வேறு சொற்கள் வந்துவிட்டன. காஸ் அடுப்பின் நீலச் சுடரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புகை என்றால் போகி நாளும் குப்பைக் கிடங்கும்தான். இலங்கையில் புகையிரதத் திணைக்களம் என்ற பெயர் புகைவிடாத தொடர்வண்டிகளுக்கும் தொடர்வது போல, புகைச்சலும் அடுப்பு போன பிறகும் சிலகாலம் பழக்கத்தில் நிற்கலாம். நிற்கிற வரையிலாவது அதன் முழுப் பொருளோடு அது புழங்க வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்ததையும், பெருமாள்முருகன் கொங்குக்குச் செய்ததையும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்குச் செய்ததையும் போல, கொங்குப் பேச்சும் மதுரைப் பேச்சும் கலக்கும் திண்டுக்கல் சமவெளிக்கும் ஒரு விரிவான வட்டார அகராதி வேண்டும். அதில் போயிலைத் தோட்டத்துப் பெண்கள் கோபத்துக்கு வைத்திருக்கும் சொற்கள் அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே ஏற வேண்டும். எந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்லலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். காந்தி கிராமப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்த்துறை மாணவர்கள் ஓரிரு ஆண்டில் தொடங்கக்கூடிய வேலை இது.

பத்திரிகைக்காரருக்கோ புதிய கருவி எதுவும் தேவையில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வெகுளியைப் பொறாமையிலிருந்தோ குணக்கேட்டிலிருந்தோ பிறப்பதாகச் சொல்லவில்லை. நான்கு காரணங்களைத் தருகிறது, நான்கும் பிறர் இழைத்த தீங்குகள்: உடல் உறுப்புக்குக் கேடு, குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு, அடியும் வசையுமான அலைக்கழிப்பு, உயிரையோ புகழையோ கொல்வது. அடுத்த முறை ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ புகைச்சல் என்று தகவல் வந்தால், திண்டுக்கல் நிருபர் அந்த நான்கையும் கேள்வியாக எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கட்டும். எந்திரத்தில் யாருக்காவது விரல் போனதா? யார் வீட்டுக்குக் கூலி போகவில்லை? மேற்பார்வையாளர் எந்தச் சொல்லால் ஏசினார்? திருட்டுப் பட்டம் கட்டி யாரை வெளியே அனுப்பினார்கள்? கிடைக்கும் விடைகளில் ஒன்று தலைப்பாகட்டும்.